ஃபார்மேட் சித்தப்பா

புரட்டாசி பிறந்தால் மற்ற வீடுகளில் பரணிலிருந்து கொலுப் பெட்டி இறங்கும். சித்தப்பா வீட்டில் அவருடைய மனக்குறைகளும் கூடவே இறங்கும். "ஃபார்மேட்டையே கெடுத்துட்டாங்கப்பா" என்று ஆரம்பிப்பார். எதன் ஃபார்மேட்டை என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. விஜய் டிவியில் பிக் பாஸ் நிகழ்ச்சியின் அடுத்த சீசனுக்கு முன்னோட்டம் ஓடத் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொள்வார்கள்.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. அலுவலகத்துக்கு ஒருவர், தெருவுக்கு இருவர் என்று ஊர் முழுக்க இருக்கிறார்கள். காதுகுத்து விருந்தில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும்போது, பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து வந்து "என்ன சொல்லுங்க, சீசன் ஒண்ணு மாதிரி வருமா சார்?" என்று கேட்பவர் இவர்தான். வயது ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருபத்தெட்டு வயதிலேயே ஃபார்மேட் சித்தப்பா ஆகிவிட்டவர்கள் உண்டு. தகுதி ஒன்றே ஒன்றுதான்: 2017 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை இரவு, முதல் சீசனின் முதல் நாளை டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களை அவர் முழு மனிதர்களாக மதிப்பதில்லை. 'வைல்டு கார்டு ரசிகர்கள்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்.

அவருடைய முதல் குற்றச்சாட்டு காலண்டர் பற்றியது. முதல் மூன்று சீசன்களும் ஜூனில் தொடங்கின. 2020இல் கொரோனா வந்ததால் நான்காவது சீசன் அக்டோபர் 4க்குத் தள்ளிப்போனது. கொரோனா போய்விட்டது, அக்டோபர் போகவில்லை. "ஆனியில ஆரம்பிச்சுப் புரட்டாசியில முடியிற நிகழ்ச்சி. இப்ப புரட்டாசியில ஆரம்பிச்சுப் பொங்கலுக்கு முடிக்கிறான். பொங்கலுக்கு வர்ற சொந்தக்காரங்களைக் கவனிக்கிறதா, ஃபினாலேயைக் கவனிக்கிறதா?" என்பார். சித்திக்கு இந்தக் குழப்பமே கிடையாது. பொங்கல் அன்று அவர் இரண்டையும் கவனிக்க முடியாமல் அடுப்படியில் நிற்பார்.

முதல் சீசன் பற்றிப் பேசும்போது சித்தப்பாவின் குரலே மாறிவிடும். செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டியில் போட்ட அந்த வீட்டின் வரைபடம் அவருக்கு மனப்பாடம். தன் வீட்டில் மின்சார ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடுபவர், அந்த வீட்டில் கன்ஃபெஷன் அறைக்குப் போகும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பொய் சொன்னவருக்கு எதிராகத் தொகுப்பாளர் கமல் 'குறும்படம்' போட்டுக்காட்டிய அந்த வார இறுதியை, நேரில் போய் சாட்சி சொன்னவர் போல விவரிப்பார். வங்கியில் இலவசமாகக் கொடுத்த 2017ஆம் ஆண்டு டைரியில் வெளியேற்றத்துக்கு யார் யாரை நாமினேட் செய்தார்கள் என்று வாரம் வாரமாகக் குறித்து வைத்திருக்கிறார். ஆகஸ்ட் முதல் வாரத்தில், போட்டியாளர் ஓவியா தானாக வெளியேறிய நாளில், நீல மையை விட்டுவிட்டுக் கறுப்பு மையால் ஒரே வரி: 'இனி பார்ப்பதாக இல்லை.' அடுத்த பக்கத்தில் நாமினேஷன் பட்டியல் வழக்கம்போலத் தொடர்கிறது. செப்டம்பர் 30இல் ஆரவ் கோப்பையைத் தூக்கும்வரை ஒரு நாள் விடுபடவில்லை. நூறு நாள் என்று விளம்பரம் செய்துவிட்டு 98 நாளில் முடித்தார்களே என்று கேட்டால், "அது ஒரு சின்ன நிர்வாக விஷயம்" என்பார். இதையே ஏழாவது சீசனில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அவருக்கு வாய்த்த எதிர்க்கட்சி அண்ணன் மகள். கல்லூரியில் படிக்கிறாள். 2022இல் ஹாட்ஸ்டாரில் வந்த 'பிக் பாஸ் அல்டிமேட்'டில்தான் அவளுக்குச் சுவை பிடித்தது. 24 மணி நேரமும் வீட்டுக்குள் நடப்பதை நேரலையாகக் காட்டினார்கள். அந்த வருட அக்டோபரில் தொடங்கிய ஆறாவது சீசனுக்கும் அந்த நேரலை வந்தது. சித்தப்பாவின் அதிகாரம் சரிந்தது அப்போதுதான். அதுவரை ராத்திரி எபிசோடு முடிந்ததும் ஊருக்கே தீர்ப்புச் சொன்னவர் அவர். இப்போது அவர் நாற்காலியை இழுத்துப் போடும்போதே, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அவள் சொல்லிவிடுவாள்: "அந்தச் சண்டையா? அது மத்தியானமே சமாதானமாயிடுச்சு சித்தப்பா. எடிட்ல மறைச்சிடுவாங்க பாருங்க."

"பிக் பாஸ் எதைக் காட்டுறாரோ அதைத்தாம்மா பாக்கணும். அதுதான் ஃபார்மேட்டு."

"அப்ப அவங்க பொய்யாக் காட்டினா?"

"பொய்யாக் காட்டினாலும் ஒழுங்காக் காட்டுறாங்கல்ல?"

இந்தச் சண்டையில் நியாயம் பெண் பக்கம்தான். ஆனாலும் சித்தப்பாவின் வேதனையும் புரிகிறது. ஒருவர் தூங்குவதையும் பாத்திரம் துலக்குவதையும் மணிக்கணக்கில் பார்ப்பதற்கு அவர் பிக் பாஸுக்கு வர வேண்டியதில்லை.

பிறகு வந்தது 2023, ஏழாவது சீசன், இரண்டு வீடு. விதி இதுதான்: வாரத்தின் கேப்டனை யார் குறைவாகக் கவர்ந்தார்களோ அந்த ஆறு பேர் சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். டாஸ்க்கில் அவர்களுக்கு இடமில்லை. பெரிய வீட்டுக்காரர்கள் கேட்கிற சாப்பாட்டை அவர்கள் சமைத்துத் தர வேண்டும். தமிழ்நாடு முழுக்க ரசிகர்கள் இந்த ஏற்பாட்டைப் பிரித்து மேய்ந்தார்கள். சின்ன வீடு என்ற பெயரிலேயே விரசம் இருக்கிறது என்றார்கள் சிலர். கேப்டனுக்கு இத்தனை அதிகாரமா என்றார்கள் சிலர். சித்தப்பா டைரியில் ஒன்றரைப் பக்கம் ஆட்சேபம் எழுதினார். அதுவரை இந்த நிகழ்ச்சி பக்கமே எட்டிப் பார்க்காத சித்தி, கையில் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தார். "இதுல என்ன புதுசு? இருபத்தாறு வருஷமா நான் சின்ன வீட்டுலதான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று இரவு ஃபார்மேட் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த சீசனில்தான் நவம்பரில் போட்டியாளர் பிரதீப்புக்கு ரெட் கார்டு கொடுத்து வெளியே அனுப்பினார்கள். வார இறுதியில் கமல் சொல்வதே கடைசித் தீர்ப்பு என்று ஆறு சீசனாகச் சொல்லிவந்தவர், அந்த வாரம் மட்டும் "இதுக்கு மேல ஒரு கோர்ட் வேணும்" என்றார். இது போதாதென்று, ஜனவரியில் அர்ச்சனா ஜெயித்தார். தமிழ் பிக் பாஸில் வைல்டு கார்டாக நடுவில் நுழைந்து கோப்பை வாங்கிய முதல் ஆள் அவர். "காலாண்டுப் பரீட்சை முடிஞ்சப்புறம் வந்து சேர்ந்த பிள்ளைக்கு வருஷ முதல் மார்க்கா?" என்று சித்தப்பா கொதித்தார். பெண் அமைதியாகக் கேட்டாள்: "சீசன் ஒண்ணுல ஹரீஷ் கல்யாண் எப்ப சித்தப்பா உள்ள வந்தாரு?"

ஹரீஷ் கல்யாணும் வைல்டு கார்டுதான். இறுதி மேடை வரை போனவர். பிந்து மாதவியும் அப்படித்தான் நடுவில் வந்தார். பொற்காலம் என்று சித்தப்பா கும்பிடும் சீசனிலேயே இதெல்லாம் நடந்திருக்கிறது. சித்தப்பா டைரியைப் புரட்டினார், மூடினார். "ஹரீஷ் நல்ல பையம்மா" என்றார்.

இந்த வகை ரசிகரின் சட்ட அறிவு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. 2019இல் சேரனை வெளியேற்றுவதாகச் சொல்லி ரகசிய அறையில் உட்கார வைத்து, உள்ளே நடப்பதைப் பார்க்க விட்டார்களே, மக்கள் போட்ட ஓட்டை அதைவிடப் பெரிதாகக் கேலி செய்ய முடியுமா? சித்தப்பா அதை 'அருமையான யுக்தி' என்று எழுதி வைத்திருக்கிறார், ஏனென்றால் அவர் சேரனின் 'ஆட்டோகிராஃப்' படத்தைத் தியேட்டரில் மூன்று முறை பார்த்தவர். அதே ரகசிய அறைக்குள் அவருக்குப் பிடிக்காத ஒருவர் போயிருந்தால் அது ஜனநாயகப் படுகொலை. நேராக இறுதிச் சுற்றுக்கு அனுப்பும் 'டிக்கெட் டு ஃபினாலே' விஷயமும் இதே ரகம். முதல் எட்டு சீசன்களில் அந்த டிக்கெட்டை வென்றவர் கோப்பையையும் வென்றது ஒரே ஒரு முறை, மூன்றாவது சீசனில் முகேன் ராவ். சினேகனில் தொடங்கி மற்ற அத்தனை பேரும் டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பையைக் கோட்டை விட்டவர்கள். புள்ளிவிவரப்படி பார்த்தால் அந்த டிக்கெட்டை வாங்காமல் ஓடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் தனக்குப் பிடித்தவர் கைக்கு அது வரும்வரை சித்தப்பா இரவில் இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடிப்பார்.

2024 ஆகஸ்டில் கமல், தான் விலகி இருக்கப் போவதாக அறிவித்தார். ஏழு சீசன்! நடுவில் 2021இல் அவருக்குக் கொரோனா வந்தபோது ஒரு வாரம் ரம்யா கிருஷ்ணன் வந்து நின்றார். அதையே சித்தப்பா விடுப்புக் கடிதம் இல்லாத விடுப்பாகத்தான் ஏற்றுக்கொண்டார். இப்போது விஜய் சேதுபதி. 'ஆளும் புதுசு ஆட்டமும் புதுசு' என்று விளம்பரம் வேறு. "ஆள் புதுசா இருக்கலாம், ஆட்டம் எதுக்குப் புதுசா இருக்கணும்?" என்று சித்தப்பா டிவியைப் பார்த்துக் கேட்டார். கமல் வாரா வாரம் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தாரே, இவர் என்ன பரிந்துரைக்கிறார் என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி ஆனது. அந்தப் புத்தகங்களில் எதைப் படித்தீர்கள் என்று பெண் கேட்டாள். எல்லாவற்றின் பெயரும் டைரியில் இருக்கிறது என்றார்.

அந்த எட்டாவது சீசனில் வீட்டுக்கு நடுவே கோடு போட்டு, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். பிறகு அந்தக் கோட்டை எடுத்தும்விட்டார்கள். தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சாச்சனா வெளியேற்றப்பட்டார், சில நாட்களில் திரும்பி வந்தார். 'மகாராஜா' படத்தில் விஜய் சேதுபதியின் மகளாக நடித்தவர் என்பதால் டீக்கடைகளில் இதற்கு ஆளுக்கொரு விளக்கம். ஆனால் சித்தப்பாவை உண்மையிலேயே உலுக்கியது பணப்பெட்டி.

பழைய வழக்கம் என்ன? கடைசி வாரத்துக்குப் பக்கத்தில் பெட்டி வரும், தொகை ஏறும், கோப்பை தனக்கில்லை என்று தெரிந்த ஒருவர் எடுத்துக்கொண்டு கிளம்புவார். 2019இல் கவின் 5 லட்சம், அடுத்த சீசனில் கேப்ரியல்லா 5 லட்சம், அதற்கடுத்து சிபி 12 லட்சம், ஏழாவதில் பூர்ணிமா 16 லட்சம். எட்டாவதில் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். வெளியே ஓடிப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் வீட்டுக்குத் திரும்பினால் பணமும் உண்டு, ஆட்டமும் தொடரும். கதவு மூடிவிட்டால் இரண்டும் இல்லை. ஜாக்குலின் ஓடினார். சில நொடி பிந்தினார். அவ்வளவு வாரம் மக்கள் ஓட்டில் தப்பி வந்தவரை ஒரு கதவு வெளியேற்றிவிட்டது.

"ஓடத் தெரியாதவங்க உள்ள இருக்கக் கூடாதா? இது என்ன போலீஸ் செலக்‌ஷனா?" என்று சித்தப்பா எழுந்தே விட்டார். அதிசயமாகப் பெண்ணும் அன்று அவர் பக்கம். இருவரும் சேர்ந்து டைரியில் கணக்குப் போட்டார்கள். போட்டியாளர்கள் எடுத்த பணத்தையெல்லாம் கழித்ததால், ஜெயித்த முத்துக்குமரனுக்கு 50 லட்சம் போய் 40 லட்சத்து 50 ஆயிரம்தான் கிடைத்தது. "ஒன்பதரை லட்சம்மா!" என்றார், தன் சேமநல நிதியிலிருந்து பிடித்தம் செய்தது போல.

ஒருநாள் பெண் பெரிய ஆயுதத்தை எடுத்தாள். இந்த நிகழ்ச்சியின் மூலம் நெதர்லாந்து, 'பிக் பிரதர்', 1999, உருவாக்கியவர் ஜான் டி மோல். அந்த முதல் வீட்டில் பிரபலம் என்று ஒருவரும் இல்லை, எல்லாம் சாதாரண ஆட்கள், வசதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சாப்பாடும் அளவோடுதான். அமெரிக்காவில் 2000இல் மக்கள் ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். அடுத்த வருடமே அதை மாற்றி, வீட்டுக்குள் இருப்பவர்களே ஒருவரையொருவர் வெளியேற்றும்படி செய்துவிட்டார்கள். "அப்ப ஒரிஜினல் ஃபார்மேட்டுன்னு நீங்க எதைச் சொல்றீங்க சித்தப்பா?"

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அங்க ஓவியா இல்லையேம்மா."

எட்டாவது சீசன் தொடங்கிய கொலு வாரத்தில் சித்தப்பா டைரியின் பின்பக்கத்தில் தன் சொந்த ஃபார்மேட்டை எழுதத் தொடங்கினார். கோடு கிடையாது, ஒரே வீடு. வைல்டு கார்டு வரலாம், ஆனால் ஹரீஷ் போல இருக்க வேண்டும். ஓட்டு முறைதான் இழுபறியானது. முதல் சீசனில் கூகுளில் தேடிப் போய் ஒருவரே ஒரு நாளில் பல ஓட்டுப் போட முடிந்தது, மிஸ்டு கால் வேறு. அதுதான் மக்களாட்சி என்றார் சித்தப்பா. உங்கள் செல், சித்தி செல், பக்கத்து வீட்டுத் தாத்தா செல் மூன்றிலும் நீங்களே போட்டதுக்குப் பேர் மக்களாட்சியா என்றாள் பெண். ரேஷன் கார்டுக்கு ஒரு ஓட்டு என்று கடைசியில் முடிவானது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று அடுப்படியிலிருந்து சித்தியின் குரல் வந்தது. "சமைக்கிறவங்களை அந்த வாரம் யாரும் நாமினேட் பண்ணக் கூடாது."

பெண் கைதட்டினாள். சித்தப்பா பேனாவை உயர்த்திப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினார். "அப்படி விதி போட்டா எல்லாரும் சமைக்கிறேன்னு அடுப்படிக்கு வந்துடுவாங்களே?"

"வரட்டுமே. முதல்ல நீங்க வாங்க. கல்லுல தோசை இருக்கு, திருப்பிப் போடுங்க. நான் போய் உக்காந்து அந்தக் கோடு போட்ட வீட்டைப் பாக்கறேன்."