மாஜி மாவுக்கட்டு

தெருவில் யாருக்காவது கால் முறிந்தால் அந்தத் தகவல் இவருக்கு எப்படிப் போகிறது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டவர் இன்னும் விலாசம் சொல்லி முடித்திருக்க மாட்டார். இவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

மாஜி அமைச்சர், மாஜி எம்.எல்.ஏ. என்கிறோம் அல்லவா, அந்த வரிசையில் இவர் மாஜி மாவுக்கட்டு. எப்போதோ ஒரு காலத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தொடையிலிருந்து பாதம் வரை கட்டுப் போட்டு மூன்று மாதம் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது. அதை டாக்டர் ஒப்புக்கொண்டார், எக்ஸ்ரே ஒப்புக்கொண்டது, இவர் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த மூன்று மாதமும் டிவி ரிமோட் அவர் கையில் இருந்தது. கேட்கும்போதெல்லாம் காபி வந்தது. பத்து வருஷமாகப் பேசாத மைத்துனர் பழக்கூடையோடு வந்து தலைமாட்டில் நின்றார். அப்படியொரு ராஜபோகத்தை வாழ்க்கையில் ஒரு முறை அனுபவித்தவர் அத்தனை சுலபமாகப் பதவியை விட்டு இறங்குவாரா?

உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகிறவர்கள் சாத்துக்குடியோ ஹார்லிக்ஸோ வாங்கிக்கொண்டு போவார்கள். மாஜி தன் பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுபோவார். உறை பழுப்பேறி, மூலை மடிந்து, டாக்டரின் கையெழுத்து பாதி அழிந்து போயிருக்கும். படத்தை உருவி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஃபேன் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். "இதோ பார்த்தீங்களா, இந்தக் கோடு? இதுதான்!" என்று பேரனை அறிமுகம் செய்வது போலச் சொல்வார். ரான்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்துத் தன் மனைவியின் கையைத்தான் முதன்முதலாகப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினார். விரல் எலும்பும் மோதிரமும் தெரிந்த அந்தப் படத்தை அவர்கூட இத்தனை பேரிடம் நேரில் காட்டியிருக்க மாட்டார்.

அடுத்தது விசாரணை. "எப்படி ஆச்சு தம்பி?" என்று கேட்பார். பதில் தேவையில்லை. 'பாத்ரூமில் வழுக்கி...' என்று தம்பி ஆரம்பிக்கும்போதே அவர் முகம் சுருங்கிவிடும். முறிவுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? சோப்புத் தண்ணீரில் விழுந்தேன் என்று நாலு பேரிடம் எப்படிச் சொல்வது? அவருடைய முறிவு அப்படிப்பட்டதல்ல. வண்டியில் போய்க்கொண்டிருந்தார், குறுக்கே ஒரு நாய் வந்தது, அதைக் காப்பாற்றப் போய் விழுந்தார். ஆரம்பத்தில் நாய்தான். நாலைந்து வருஷத்தில் அது கன்றுக்குட்டியாக வளர்ந்தது. இப்போது சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளை. அவர் மனைவி உடன் வந்திருந்தால் கதை சற்று வேறு. "ஸ்டூல் மேல ஏறி ஒட்டடை அடிக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்று அந்த அம்மாள் உள்ளே சமையல்கட்டில் சொல்வது கூடம் வரை கேட்கும். அதனால்தான் பெரும்பாலும் தனியாகவே வருகிறார்.

மனித உடம்பில் 206 எலும்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. மாஜியின் கணக்கில் அவையெல்லாம் சரிசமம் அல்ல. கால் விரல் முறிந்தவர் கடைநிலை ஊழியர். மணிக்கட்டு முறிந்தவர் கிளார்க். ஹேர்லைன் கிராக் என்று சொன்னால் "அதெல்லாம் முறிவே கிடையாது தம்பி, கீறல்" என்று தள்ளுபடி செய்துவிடுவார். உடம்பிலேயே நீளமான எலும்பு தொடை எலும்பு. அது முறிந்த யாராவது எதிரில் வந்தால் மட்டும் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுப்பார். இந்தப் பட்டியலில் எல்லோருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். "எம்.ஜி.ஆருக்கே 1959-ல சீர்காழியில கால் முறிஞ்சுது. 'இன்பக் கனவு' நாடகத்துல குண்டுமணியை அப்படியே தூக்குற சீன். அதுக்கப்புறம் முதலமைச்சர் ஆகிற வரைக்கும் அவர் போடாத சண்டையா?" தகவல் சரிதான். சொல்லி முடித்ததும் தன் காலைத் தடவிக்கொள்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது.

சிகிச்சை விஷயத்தில் மாஜிக்கு இரண்டு மனசு. மாவுக்கட்டுக்காரர்தான். ஆனாலும், "ஒரு எட்டு புத்தூர் போயிட்டு வந்துடலாமே" என்று காதோடு சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. திருத்தணியிலிருந்து திருப்பதி போகும் வழியில் நகரியைத் தாண்டி இருக்கிறது அந்த ஆந்திர ஊர். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு, துணி, மூங்கில் சிம்பு. இவற்றை வைத்தே தலைமுறை தலைமுறையாகக் கட்டுப் போட்டுப் பெயர் வாங்கிய இடம். தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும் 'புத்தூர் எலும்பு முறிவு வைத்தியசாலை' என்று ஒரு போர்டு தென்படும். இத்தனை பேரும் புத்தூரிலேயே இருந்திருந்தால் அந்த ஊரில் நிற்க இடம் இருந்திருக்காது. இறுக்கிக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரல் நீலம் பாய்ந்து, கடைசியில் காலையே எடுக்க நேர்ந்த கதைகளும் உண்டு. மாஜிக்கு அதுவும் தெரியும். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகக் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பார்ப்பார். வெளுத்த நகம் விட்டவுடன் சிவந்தால் தலையை ஆட்டுவார். தாமதமானால், "கட்டு இறுக்கம், உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கூப்பிடு" என்பார். இந்த ஒரு காரியத்துக்காக அவருடைய பள்ளிக்கூடப் பிள்ளை கதையை இன்னும் நாலு தடவை கேட்கலாம்.

சாப்பாட்டுக் குறிப்பு தனி. ஆட்டுக்கால் சூப்பில் ஆரம்பிப்பார். கால் முறிந்தால் ஆட்டுக்கால் என்பதில் ஏதோ நியாயம் தெரிகிறது. கை முறிந்தவருக்கும் அவர் அதையேதான் சொல்கிறார், ஆட்டுக்குக் கை இல்லாத குறைக்கு. சைவக்காரர்களுக்குக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும். எல்லோருக்கும் பொதுவாகப் பிரண்டைத் துவையல். "எலும்பை ஒட்ட வைக்கிறதுக்குன்னே முளைச்ச கொடி அது. கணுவை ஒடிச்சுப் போட்டுட்டு நார் எடுத்து, நல்லெண்ணெயில வதக்கி, புளி வச்சு அரைக்கணும்." பக்குவமெல்லாம் சரியாகத்தான் சொல்வார். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் தொட்டால் அரித்துப் பிடுங்கும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார். மறுநாள் அந்த வீட்டில் கட்டுக்குள்ளே அரிக்கிறது என்று புருஷன் நெளிவான், கை அரிக்கிறது என்று மனைவி நெளிவாள். அன்றைக்கு மாஜி அந்தப் பக்கம் வரமாட்டார்.

அரிப்பு என்று வந்ததால் சொல்ல வேண்டும். கால் முறிந்தவனுக்கு வலி பெரிய விஷயமே அல்ல. அது இரண்டு வாரத்தில் பழகிவிடும். கட்டுக்குள் ஓர் இடத்தில், விரலும் எட்டாத, ஸ்கேலும் வளையாத இடத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு ஊறத் தொடங்கும் பாருங்கள், அது டாக்டர் படித்த புத்தகத்தில் ஒரு வரி, படுத்திருப்பவனுக்கு ஒரு யுகம். ஊதுபத்திக் குச்சியைத் தேடிக் கை நீளும்போதுதான் மாஜியின் குரல் அசரீரியாக ஒலிக்கும். "குச்சி விடாதே தம்பி! உள்ளே தோல் கிழிஞ்சா யாருக்கும் தெரியாது, சீழ் பிடிச்சு நாத்தம் வந்தாத்தான் தெரியும். ஹேர் டிரையர் இருந்தா சூடு இல்லாம வெறும் காத்தை உள்ளே அடி." அதே போல, அக்குளில் இடுக்கும் கட்டைகளைக் கொடுத்த கடைக்காரர் சொல்லாததை இவர் சொல்வார். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும், அக்குளில் தொங்கினால் நரம்பு அமுங்கிக் கை மரத்துவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முறிந்த கால் முதலில். குளிக்கும்போது ஸ்டூல் வேண்டாம், கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டும். ஸ்டூல் என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் கம்மும்.

மாஜிக்கு ஒரு மனக்குறை உண்டு. மருத்துவம் முன்னேறிவிட்டது.

அவர் காலத்தில் கட்டு என்றால் கட்டு. துணியில் ஜிப்சம் மாவைத் தேய்த்து, நனைத்துச் சுற்றி, இறுகவிடும் முறை. டச்சு ராணுவ டாக்டர் மதைசன் 1852-இல் எழுதி வெளியிட்டதிலிருந்து பெரிதாக மாறாத சமாச்சாரம். இறுகும்போது உள்ளே சூடேறும். தன் கால் வேகிறது என்று அன்று இவர் போட்ட சத்தத்தை அந்த ஆஸ்பத்திரி வார்டுபாய் நெடுநாள் மறக்கவில்லையாம். இப்போது ஃபைபர் கட்டு, ரோஜா நிறத்திலும் நீல நிறத்திலும். "கட்டா இது? பர்த்டே கேக் மாதிரி இருக்கு" என்பார். அதையாவது பொறுத்துக்கொள்வார். உள்ளே கம்பி வைத்தவர்களைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. கெர்ஹார்ட் கூன்ட்ஷர் என்ற ஜெர்மன் டாக்டர் 1939-இல் எலும்பின் மஜ்ஜைக் குழலுக்குள்ளேயே நீளக் கம்பியைச் செலுத்தி முறிவை நிறுத்திக் காட்டினார். அந்த வழியில் வந்த ஆபரேஷன்தான் இன்று ஊருக்கு ஊர் நடக்கிறது. ஆபரேஷன் முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதப் பதவிக்காலம் மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. மைத்துனர் டிக்கெட் எடுப்பதற்குள் நோயாளி வாசலுக்கு வந்து நிற்கிறான். இதெல்லாம் ஒரு முறிவா என்று மாஜி கேட்பது நியாயம்தானே?

போன மழைக்காலத்தில் எங்கள் தெருக் கோடி வீட்டுப் பையன் அப்படித்தான் ஸ்பீட் பிரேக்கரில் பறந்து, உள்ளே கம்பியோடு வீடு திரும்பினான். மாஜி ஆஜர். வழக்கம் போலக் காலை நீட்டி, எதிரில் இன்னொரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டார். அவர் எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான். போகிறவர் வருகிறவர் தடுக்கி விழாமல் தாண்ட வேண்டும். விழுப்புண்ணுக்கு நாம் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொள்வோம். அன்றைக்கு அவர் எலும்பு கூடும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். முதலில் ரத்தம் கட்டும், அப்புறம் நெகுநெகுவென்று குருத்து மாதிரி வளரும், பிறகு சுண்ணாம்புச்சத்து ஏறி இறுகும், எக்ஸ்ரேயில் மேகம் மாதிரி தெரியும் என்று சொல்லி, "அப்புறம் பாரு, வெல்டிங் வச்ச இடம் மாதிரி. மறுபடி அந்த இடத்துல ஒடியவே ஒடியாது!" என்று முடித்தார். கடைசி வரி மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

அப்போது பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், தோளில் பை. பையனைக் குப்புறப் படுக்கச் சொல்லி முட்டியை மடக்கினாள். அவன் பல்லைக் கடித்தான். "வலிக்கத்தான் செய்யும் தம்பி. நான் பார்க்காத வலியா? தாங்கிக்கணும்" என்றார் மாஜி.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவரையல்ல, நாற்காலிமேல் இருந்த காலை.

"அங்கிள், அந்தக் காலைக் கொஞ்சம் கீழே இறக்குங்க."

இறக்கினார்.

"மடக்குங்க."

"மடங்கும்மா, மடங்கும்" என்றார். மடங்கவில்லை.

அவள் பையிலிருந்து கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து முட்டியில் வைத்தாள். "தொண்ணூறுகூட வரலியே! கட்டுப் பிரிச்ச அப்புறம் எக்சர்சைஸ் செய்யலியா நீங்க?"

"அது வந்து... அப்ப சொன்னாங்க. முதல் நாள் ஒருத்தர் வந்தாரு. ரொம்ப முரட்டு ஆளு."

"மறுநாள்?"

"வேண்டாம்னுட்டேன்."

படுத்திருந்த பையன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. வலி என்றுதான் அவன் அம்மா நினைத்திருப்பாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவர் கணுக்காலைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளினாள். மாஜி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் விட்டுட்டீங்க அங்கிள். முழுசா வராது. செஞ்சா கொஞ்சம் வரும். திங்கள், புதன், வெள்ளி சாயந்திரம் உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

மாஜி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, பழைய கேஸுக்கு ஃபீஸ்ல ஏதாவது கன்செஷன் உண்டா?" என்றார்.