வராது சார்

மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. காசு கொடுத்து வாங்கின பொருளைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வது வாங்கினவனின் உரிமை, அதற்கு வேண்டிய உதிரி பாகம் கிடைக்கும்படி கம்பெனிக்காரன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான குழு. அதைப் பற்றிப் பொறுப்பாக ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

என்னிடம் ஒரு கிதார் பெடல் இருக்கிறது. காலால் மிதிப்பது. 1991-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா அண்ணனுக்கு டூ-இன்-ஒன்னும் எனக்கு இதையும் வாங்கி வந்தார். கோரஸ் பெடல். ஒருத்தர் வாசித்தால் ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கிற மாதிரி கேட்கும். நான் வாசித்தால் ரெண்டு பேர் சேர்ந்து தப்பாக வாசிக்கிற மாதிரி கேட்கும். தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா பாடம் கேட்டது இதே மயிலாப்பூரில்தான். எங்கள் மந்தைவெளி அங்கிருந்து கூப்பிடு தூரம். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

ஒரு மாதம் முன்பு பெடலில் விளக்கு எரிந்தது, கிதார் சத்தமும் வந்தது. கோரஸ் மட்டும் இல்லை. உடனே திறந்தேன். நீங்களும் திறந்திருப்பீர்கள். திறந்தால் என்ன தெரியும் என்று வீட்டில் கேட்பார்கள். தெரிவதற்காகவா திறக்கிறோம்? நாலு ஸ்க்ரூவைக் கழட்டி மூன்றைத் திரும்பப் போடுகிற வம்சம் நாம். வேலை செய்யாத அடாப்டர் பதினொன்றைச் செருப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவதைத் தூக்கிப்போட மனம் வராமல் அதிலேயே திணிக்கிறவர்கள். உங்கள் பெட்டியையும் நான் பார்த்திருக்கிறேன். சமாளிக்க வேண்டாம்.

அடையாறில் ஒரு நண்பர் இருக்கிறார். ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சாப்பாட்டு மேஜையில் ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர். அவர் பார்த்துவிட்டு, எட்டுக் கால் ஐசி ஒன்றைக் குச்சியால் தொட்டு, "தண்ணி வாங்கறான், ஊத்த மாட்டேங்கறான்" என்றார். எம்என்3007. உவமையாகச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் 1969-இல் கண்டுபிடித்த சங்கதி இது. பேரே பக்கெட் பிரிகேட். தண்ணி லாரி வந்ததும் தெருவில் குடத்தைக் கைமாற்றிக் கைமாற்றி வீட்டுக்குள் கொண்டுபோவோமே, அதேதான். ஐசிக்குள் 1024 பேர் வரிசையில் நின்று சத்தத்தைக் கைமாற்றுகிறார்கள். கடைசி ஆள் ஊற்றும்போது நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதம் ஆகியிருக்கும். தாமதமாக வந்ததை நேரே வந்ததோடு கலந்தால் கோரஸ். என் பெடலில் 1024 பேரில் எவனோ ஒருவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். தெருமுனையிலேயே நாலு பையன்கள் "என்ன சார், லேப்டாப் பேட்டரியா, சிசிடிவியா?" என்று மறித்தார்கள். எம்என்3007 என்றேன். வழி விட்டார்கள்.

முதல் கடையில் "வராது சார்" என்றார்கள். இரண்டாம் கடையிலும் அதே. நரசிங்கபுரம் தெருப் பக்கம் திரும்பி ஏழாவது கடையை விட்டு வெளியே வரும்போதுதான் அந்தச் சொல்லைக் கவனிக்க ஆரம்பித்தேன். யாருமே "இல்லை" என்று சொல்லவில்லை. "இல்லை" என்றால் கடையின் குறை, சரக்கு வைக்கத் தெரியாதவன் என்றாகிவிடும். "வராது" என்றால் குறை சரக்கின் மேல் போய்விடுகிறது. எட்டுக் கால் இருந்தும் வராமல் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, கடைக்காரர் பாவம் என்ன செய்வார்?

யோசித்துப் பார்த்தால் இந்த ஊரே அப்படித்தான் பேசுகிறது. தண்ணி வரும். கரண்ட் வரும். சிலிண்டர் வரும். மழை வரும். மெட்ரோ வரும் என்று லஸ்ஸில் தகரம் அடித்து, கோயிலுக்குப் போகிறவர்களைத் தெருத்தெருவாகப் பிரதட்சிணம் செய்ய வைத்தார்கள். வருவது அதன் இஷ்டம், வாசலில் நிற்பது நம் கடமை. ஆனால் ரிச்சி தெருவில் இந்த வினைச்சொல்லுக்கு இருக்கிற நுணுக்கம் வேறெங்கும் கிடையாது. "இப்ப வர்றதில்ல சார்" என்றால் கடைக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஒரு பெருமூச்சும், வால்வு ரேடியோ பற்றிப் பத்து நிமிஷமும் இலவசம். "வந்துட்டிருந்துச்சு" என்றால் அது கிளம்பிவிட்டது, வழியில் எங்கோ இறங்கிவிட்டது. "மும்பைலேருந்து வரணும்" என்பதில் வேண்டுதல் கலந்திருக்கிறது, நாமும் ஏதாவது முடிந்துவைக்க வேண்டும். "வரும், ஆனா" என்று ஒருவர் இழுத்தார். உங்களுக்கு ஒரு சினிமா வசனம் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், வாக்கியத்தை முடிக்கவில்லை. "வந்தா சொல்றேன், நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்பது இருப்பதிலேயே மோசம். அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் நம்பரை எழுதிக்கொள்வார். சாயங்காலம் அந்த அட்டை ஏதாவது பார்சலுக்கு அண்டக் கொடுக்கப்பட்டு ஊருக்குப் போய்விடும். வேலூர், திண்டிவனம் வட்டாரத்தில் என் மொபைல் நம்பர் தெரியாத எலெக்ட்ரிக்கல் கடையே இருக்காது.

எதிர்மறை வினைமுற்று முக்காலத்துக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் தமிழய்யா அடித்துச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குப் புரியவில்லை. "வராது" என்பதில் நேற்று இல்லை, இன்று இல்லை, நாளை இல்லை, காலமே இல்லை. வந்ததில்லையா, வந்து நின்றுவிட்டதா, இனிமேல் வருமா? ஒன்றும் தெரியாது. அய்யா இருந்திருந்தால் நேரே ரிச்சி தெருவுக்குக் கூட்டிவந்து பாடம் நடத்தச் சொல்லியிருப்பேன்.

எங்கே விட்டேன்? குழு. வருகிறேன்.

பன்னிரண்டாவது கடையில் ஒரு பையன், "சாம்பிள் இருக்கா?" என்று வாங்கி, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்து, முகம் மலர்ந்தான். "இது வராது சார். 3207 வரும். ஒரே ஒரு நம்பர்தான வித்தியாசம்!" எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கூட ஒரே நம்பர்தான் வித்தியாசம், அதற்காக அங்கே போய்ப் படுக்க முடியுமா? 3007-க்கும் 3207-க்கும் பிளஸ் மைனஸ் தலைகீழ். இரண்டிலும் 1024 பேர்தான், ஆனால் வரிசை எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறது. அது வரும், சரிவராது. பையனிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப 4558 தரட்டா சார்?" என்றான்.

இதில் ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். 1979-இல் வந்த ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடலுக்குள் இருந்த ஐசி என்பதற்காக இந்த 4558-ஐ உலகத்துக் கிதார்காரர்கள் சாமி மாதிரி கும்பிடுகிறார்கள். பழைய ஜப்பான் சரக்கா, எழுத்து வெள்ளையா மங்கலா என்றெல்லாம் ஆராய்ச்சி நடக்கிறது. நம்மூரில் அது ஆம்ப்ளிஃபயர் போர்டில் பாஸ், ட்ரெபிள் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். டீ காசுக்குக் கிடைக்கும். பையன் கைநிறைய அள்ளிக் காட்டினான். எனக்கு வேண்டாத எல்லாமே ரிச்சி தெருவில் அள்ள அள்ள வரும். வெறுங்கையோடு திரும்பக் கூடாதென்று ஆறு 4558, ஒரு முழம் ஈயம், என்னவென்று தெரியாத ஒரு பச்சைக் கண்டன்சர் எல்லாம் வாங்கினேன். செருப்புப் பெட்டியில் இடமில்லை.

முன்பெல்லாம் அங்கே ஒரு கடை இருந்தது. தரையிலிருந்து கூரைவரை தீப்பெட்டி அளவில் டிராயர்கள், ஒவ்வொன்றின் மேலும் பழுப்பேறிய காகிதத்தில் நம்பர். பெரியவர் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பார், எண்ணாமலே கொடுப்பார், சரியாக இருக்கும். இப்போது அந்த இடத்தில் சிசிடிவி கேமரா விற்கிறார்கள். வாசலில் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதை எட்டுக் கேமராக்கள் எட்டுத் திரையில் காட்டின.

திரும்பும் வழியில் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். புத்தி கெட்டு, வாத்தியம் விற்கும் ஒரு கடையில் நுழைந்தேன். ரிப்பேர் எடுப்பதில்லை என்றார்கள். சரி. உதிரி? கிடையாது. அதுவும் சரி. ஆனால் கவுண்டரில் இருந்தவர், பெரிய டாக்டர்கள் வயதானவர்களிடம் பேசுகிற குரலில், "முப்பது வருஷம் உழைச்சிருக்கு சார், போதும், புதுசு வாங்கிக்கங்க" என்றார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கோபம் வந்தது என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1024 பேரில் ஒருத்தன் வேலைக்கு வராததற்கு மொத்த ஊரையும் காலி செய்யச் சொல்கிறார். அவர் காட்டிய புதுசில் கழட்டக்கூடிய ஐசியே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய கடுகுகள். அது கெட்டால் குப்பைதான். அதுவும் முப்பது வருஷம் உழைக்காது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. விலையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தக் குழு நாலு துறைகளை எடுத்துக்கொண்டது. விவசாயக் கருவிகள், மொபைல் வகையறா, வீட்டு உபயோகப் பொருள்கள், வண்டிகள். அதே 2022 டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். டிராக்டருக்கு வழி உண்டு. கோரஸ் பெடல் நாலில் எதில் சேரும் என்று யோசித்துக்கொண்டே மாடிப்படி ஏறும்போதுதான் கீழ் வீட்டு மாமி பிடித்துக்கொண்டார்.

மாமி பாட்டு வகுப்பு எடுப்பவர். "ரிச்சி தெருவுக்குப் போயிட்டு வரேளாமே, இதைக் கொஞ்சம் பாருங்கோ" என்று எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை நீட்டினார். ஷட்ஜம் நின்று பேசுகிறது. பஞ்சமம் மட்டும் பத்து நிமிஷத்தில் மெள்ள இறங்கிவிடுகிறது. மார்கழி நெருங்குகிறது, குழந்தைகள் எல்லாம் அந்தப் பஞ்சமத்தோடு சேர்ந்து இறங்குகின்றன என்றார்.

திறந்தேன். வேறென்ன செய்வேன்? நாலு ஸ்க்ரூ. உள்ளே நடுநாயகமாக ஒரு ஐசி. அதன் முதுகில் இருந்த நம்பரை, யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதென்று, உப்புத்தாளால் தேய்த்து அழித்திருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூடத் தெரியவில்லை. மூடியை வைத்து மூன்று ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே, யோசிக்காமல் சொல்லிவிட்டேன்:

"இது வராது மாமி."

மாமி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"வராதுன்னா? இன்னிக்கு வராதா, எப்பவுமே வராதா?"