பாவா வழி, மாமா வழி

புத்தளத்து மாம்புரிப் பக்கத்திலிருந்து இந்தத் தடவை வந்த கேள்விகள் அத்தனையும் மலையைப் பற்றியவை. மணல்மேட்டைத் தவிர வேறு மேடு இல்லாத ஊரில், சிவனொளிபாதமலைக்குப் பல வீடுகளில் வான் பேசி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. மற்ற ஊர்க் கேள்விகள் அடுத்த முறைக்கு. இன்று மலைதான்.

கேள்வி: பிறந்ததிலிருந்து கடலோரம்தான். எங்கள் காலுக்கு மலை சரிவருமா? (கரைவலைத் தொழிலாளி, மாம்புரி)

பதில்: மலைக்குப் போன மிகப் புகழ்பெற்ற பயணி உங்கள் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டார். 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து கரையேறிய ‘பத்தாலா’, புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அங்கே அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி ஒரு பல்லக்குக் கொடுத்து, யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், தன் ஆட்கள் 10 பேர், சாமான் சுமக்க 15 பேர் என்று சேர்த்து அனுப்பினார். அந்தப் பயணி எழுதிவைத்தது அருமையான ஒரு பாதைக் குறிப்பு. உச்சிக்கு இரண்டு வழி: ஆதம் பேரில் பாவா வழி, ஹவ்வா பேரில் மாமா வழி. மாமா வழி இலகு, எல்லோரும் இறங்குவது அதில்தான். ஏறும்போதே அதில் போனவரை யாத்திரை செய்தவராகக் கணக்கெடுக்கமாட்டார்களாம். பாவா வழி செங்குத்து. பாறையில் 10 சங்கிலிகள். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பேர். அந்த இடத்தில் நின்று கீழே பார்த்தவருக்கு விழுந்துவிடுவோமோ என்று பயம் பிடிக்க, வாய் தானாகக் கலிமா சொல்லும்.

உங்கள் காலுக்கு வருவோம். மடி கரையேறும்வரை மணலில் காலூன்றி வலை இழுக்கிறவருக்கு மலை புதிதாக இருக்கலாம், பாரம் புதிதல்ல. அதைவிடப் பெரிய பலம் வேறொன்று இருக்கிறது. தோணியைத் தள்ளுமுன் காற்றையும் மேகத்தையும் பார்க்கிறீர்களே, அந்தக் கண். மலை கேட்பதும் அதே கண்ணைத்தான். வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: இன்றைக்கு எந்த வழி இலகு, எந்த வழி கடினம்? (ஆசிரியை, நுரைச்சோலை)

பதில்: ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் நல்லதண்ணியிலிருந்து போவதுதான் குறுகிய வழி. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 1,000 மீற்றர். இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தல வழி மிகத் தாழ்ந்த இடத்தில் தொடங்குவதால் ஏற்றமும் நீளமும் கூட. குருவிட்ட, எறத்ன வழியில் காடு அதிகம், ஆட்கள் குறைவு. மூன்றும் போய்ச் சேருவது அதே 2,243 மீற்றர் உச்சிக்குத்தான். முதல் தடவை போகிறவர், பிள்ளைகளோடு போகிறவர், நல்லதண்ணியைத் தவிர வேறெதையும் யோசிக்கவேண்டாம். இலகு வழியில் போனவருக்குப் புண்ணியம் குறையும் என்று யாராவது சொன்னால், அது 1344ஆம் ஆண்டுக் கணக்கு என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஏறுவதென்றால் நாட்டிலேயே உயர்ந்த மலையை ஏறவேண்டும். பீதுருதாலகாலைக்குப் போனால் என்ன? (உயர்தர மாணவன், மாம்புரி)

பதில்: 2,524 மீற்றர். ஆனால் உச்சியில் இராணுவ முகாமும் தொலைக்காட்சிக் கோபுரமும் இருப்பதால் நடந்து ஏற விடுவதில்லை, அனுமதியோடு வாகனத்தில் போகலாம். அடுத்த உயரம் ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள கிரிகல்பொத்த, ஏறத்தாழ 2,390 மீற்றர். சிவனொளிபாதத்தைவிட உயரம். ஆனால் சமவெளியே 2,100 மீற்றரில் இருப்பதால் உண்மையில் ஏறுவது சுமார் 300 மீற்றர்தான். அதனால் இலகு என்று நினைத்துவிடாதே. போக 7 கிலோமீற்றர், வர 7 கிலோமீற்றர், நடுவில் சேறும் புதரும். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. வழியைத் தெரிவு செய்யும்போது உச்சி எத்தனை மீற்றர் என்று கேட்பதைவிட, எங்கிருந்து ஏறுகிறோம், எவ்வளவு தூரம், தவறினால் திரும்ப வழி தெரியுமா என்று கேள்.

கேள்வி: எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். கணக்கு ஏதும் உண்டா? (வான் சாரதி, கற்பிட்டி)

பதில்: உண்டு. 1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்னது. நடைக்கு 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஏற்றத்துக்கு 600 மீற்றருக்கு இன்னொரு மணித்தியாலம், இரண்டையும் கூட்டவேண்டும். நல்லதண்ணி வழியை 6 கிலோமீற்றர் என்று வைத்தால் 1 மணி 12 நிமிடம். 1,000 மீற்றர் ஏற்றத்துக்கு 1 மணி 40 நிமிடம். மொத்தம் மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது ஓய்வெடுக்காத, உடற்பயிற்சி உள்ளவரின் கணக்கு. தேத்தண்ணிக் கடைகளையும் குழந்தைகளையும் சேர்த்தால் நான்கு, ஐந்து. போயா இரவில் நெரிசலால் படியிலேயே மணிக்கணக்காக நிற்கவேண்டி வரும், அதற்கு நெய்ஸ்மித்திடமும் சூத்திரம் கிடையாது. சூரிய உதயம் முக்கியமென்றால் போயாவும் சனி, ஞாயிறும் இல்லாத நாளைத் தெரிவு செய்யுங்கள்.

கேள்வி: ஜூன் மாதம் எங்களூரில் மழையே இல்லை. அப்போது போனால் கூட்டமில்லாமல் ஏறலாமே? (மரக்கறித் தோட்டக்காரர், மாம்புரி)

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஜூனில் உங்கள் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே தென்மேற்குக் காற்றுத்தான் மலையில் மழையாகக் கொட்டுகிறது. கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்றைத் தடுக்கப் புத்தளத்துச் சமதரையில் ஒன்றுமில்லை, அது ஓடிப்போய்விடும். மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மோதியதும் மேலெழும்பிக் குளிர்ந்து மழையாக இறங்குகிறது. அந்தச் சரிவில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை பெய்யும் இடங்கள் உண்டு, உங்களுக்கு அதில் நாலில் ஒன்று கிடைத்தால் பெரிது. மாம்புரி வானத்தைப் பார்த்து நல்லதண்ணிக்குத் திகதி குறிக்கக்கூடாது.

யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாதம் வெசாக் போயாவோடு முடிவதற்குக் காரணம் இதுதான். பருவம் முடிந்தால் படியோர விளக்கும் இல்லை, கடையும் இல்லை, வழுக்கி விழுந்தால் தூக்க ஆளும் இல்லை. பருவத்துக்குள்ளும் அவதானம் தேவை. பருவம் தொடங்கும் தறுவாயில், 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் மலைநாட்டில் எத்தனை உயிர்களை மண்ணுக்குள் கொண்டுபோனது என்பதை நாம் மறக்கக்கூடாது. மழை விட்ட பிறகும் சரிவு நாட்கணக்கில் நீரைச் சுமந்துகொண்டிருக்கும். புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் வான் முற்பணம் போனாலும் போகட்டும்.

கேள்வி: குளிருமா? (பல வீடுகளிலிருந்து)

பதில்: ஆயிரம் மீற்றருக்குச் சுமார் ஆறரைப் பாகை குறையும். மாம்புரி இரவு 26 பாகை என்றால் உச்சியில் 11, 12. வியர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் அதற்கும் கீழே இருப்பதுபோல் உறைக்கும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போய், மேலே போனதும் மாற்றுங்கள். கனத்த கம்பளியைவிட அது உதவும்.

கேள்வி: உம்மாவுக்கு 66 வயது. ஏறிவிடுவேன் என்கிறார். விடலாமா? (மகள், மாம்புரி)

பதில்: அவரைவிட மூத்த பெண்கள் வெறுங்காலோடு ஏறுவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கலாம். நெஞ்சுநோவு, மூச்சு வாங்குதல், கட்டுப்படாத பிரஷர் இருந்தால் வைத்தியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இல்லையென்றால் இரவு ஏழு, எட்டு மணிக்கே புறப்பட வைத்து, உம்மாவின் வேகத்தைக் குடும்பத்தின் வேகமாக்குங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள், பேச்சு முறிந்தால் உட்கார வேண்டும்.

என் கவலை இறக்கத்தில்தான். ஏறும்போது மூச்சு முட்டும், இறங்கும்போது முழங்கால் அடி வாங்கும். படியிறங்கும் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையின் மூன்று மடங்குக்கு மேல் முழங்காலில் விழுகிறது, அதுவும் ஆயிரக்கணக்கான தடவை, நித்திரையில்லாத இரவுக்குப் பிறகு. விழுந்து எலும்பு முறிகிறவர்களில் பலர் உச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். ஒரு ஊன்றுகோல், கைப்பிடிப் பக்கம், பக்கவாட்டாகச் சிறு அடி. உம்மாவுக்கு முன்னால் ஒரு படி கீழே நீங்கள் இறங்குங்கள்.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது?

பதில்: தேசிக்காய். இப்னு பதூதா போன காலத்திலேயே அட்டை பாய்ந்தால் பிழிய ஆயத்தமாக வைத்திருந்தார்கள். காலில் சவர்க்காரம் பூசினாலும் ஏறாது. கடித்ததைப் பிய்த்து எடுக்காமல் நகத்தால் ஓரத்திலிருந்து தள்ளிவிடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்படவேண்டாம்.

கேள்வி: 2,000 மீற்றருக்கு மேல் மூச்சு நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: நம் மலைகளில் இல்லை. உயர நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தொடங்கும். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு, 5,364 மீற்றருக்கு, நடக்கிறவர்களுக்குத்தான் அது பெரிய கவலை. அங்கே காற்றழுத்தம் நம் கரையின் பாதி. 3,000 மீற்றருக்கு மேல் நித்திரை கொள்ளும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது அவர்களுக்கான விதி.

கேள்வி: வழியின் கடினத்தை முன்கூட்டியே அறிய வேறு நாடுகளில் ஏற்பாடு உண்டா? (ஆசிரியை, நுரைச்சோலை, இரண்டாம் கேள்வி)

பதில்: சுவிற்சர்லாந்தில் நடைவழிகளை ஆறு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். மஞ்சள் பலகை என்றால் யாரும் நடக்கலாம், வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப் பழக்கம் வேண்டும், வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கையையும் பாவித்து ஏறத் தெரிந்திருக்கவேண்டும். தமிழ்நாடு இதைத் துயரத்தில் கற்றது. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாக்கித் திறந்தது. தீக்காலத்தில் மூடுகிறார்கள்.

நம் மலைகளிலும் ஒவ்வொரு பாதைத் தொடக்கத்திலும் தூரம், ஏற்றம், நேரம், கடைசியாகத் தண்ணீர் கிடைக்கும் இடம் ஆகியவற்றை மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை வேண்டும். பெரிய செலவில்லை. யார் வைக்கவேண்டும் என்று அலுவலகங்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் யாரோ ஒரு பிள்ளை இருட்டில் வழி தவறுகிறது. இதை நான் திரும்பத் திரும்ப எழுதுவேன்.

கேள்வி: உச்சியிலிருந்து மாம்புரி தெரியுமா? (ஆறாம் வகுப்பு மாணவி, மாம்புரி)

பதில்: உன் கேள்விக்காகக் கணக்குப் போட்டேன். 2,243 மீற்றர் உயரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 170 கிலோமீற்றர். மலையிலிருந்து மாம்புரி நேர்கோட்டில் 155 கிலோமீற்றர் அளவில். கணக்குப்படி எல்லைக்குள்தான் இருக்கிறாய். ஆனால் இடையில் குன்றுகள், தூசு, நீராவி. முதல்நாள் மழை பெய்து துப்புரவான விடியற்காலை கிடைத்தால், எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்க்கும்போது நீ வடமேற்கே பார். ஏதாவது தெரிந்தால் எனக்கு எழுது, இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.