அதாவது ஐயா

தாலுகா ஆபீஸ் கிளார்க் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறார் என்பது நாற்காலியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இத்தனை வருடமாகத் தபால் கட்டு உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது நம்மை உட்காரச் சொல்கிறார். கட்டு தரைக்கு இறங்கியிருக்கிறது. "தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?" என்கிறார். போன மாதம்வரை நான் "ஏங்க, க்யூவுல வாங்க". இந்த மாதம் ஐயா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பவானிசாகர் போய் வந்தது வேறு. அங்கே கற்றது கோப்பும் பதிவேடும். இது, இருபது வருடம் கழித்து, பொதுமக்களிடம் பேசுவது எப்படி என்று மூன்று நாள் சொல்லிக்கொடுத்த பயிற்சி. முதல் நாள் புன்னகை. இரண்டாம் நாள் காதுகொடுத்துக் கேட்பது. மூன்றாம் நாள் குரூப் போட்டோ. வேலையை முடித்துக் கொடுப்பது நான்காம் நாள் பாடமாக இருந்திருக்கும்.

காதுகொடுத்துக் கேட்டதற்கு அத்தாட்சி, எதிராளி சொன்னதை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்வதாம். அதை அவர் பிடித்துக்கொண்டார்.

"பட்டாவுல எங்கப்பா பேரு தப்பா இருக்குங்க."

"அதாவது ஐயா, உங்க அப்பா பேரு பட்டாவுல தப்பா பதிவாகியிருக்கு."

"ஆமாங்க. கணபதிக்கு மூணு சுழி ண வரணும். ரெண்டு சுழி போட்டிருக்காங்க."

"அதாவது, ரெண்டு சுழி வரவேண்டிய இடத்துல மூணு சுழி."

"இல்லைங்க. மூணு வரவேண்டிய இடத்துல ரெண்டு."

"அதாவது, ஒரு சுழி குறையுது." பெரிய கணக்கைப் போட்டு முடித்த திருப்தி முகத்தில். "அப்பாவை ஒருதடவை நேர்ல வரச் சொல்ல முடியுமா?"

"அவர் தவறிப் பத்து வருஷம் ஆச்சுங்க."

"அதாவது, அப்பா வர முடியாத சூழ்நிலையில இருக்கார்."

மறுக்க என்ன இருக்கிறது? ஆமாம் என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. மாதம் 1,200 ரூபாய். முழுக்கக் கேட்டுவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அதாவது பாட்டி, பணம் வரலைன்னு நீங்க வருத்தமா இருக்கீங்க" என்றார்.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. பணம் வரல" என்றது பாட்டி.

இவருக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் தலையே நிமிர மாட்டார். "சர்வர் டவுன். நாளைக்கு வாங்க." அவ்வளவுதான். அரை நிமிடத்தில் வெளியே வந்து டீக்கடையில் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். இவரிடம் முக்கால் மணி நேரம் ஆகிறது; வெளியே வந்தால் திட்டவும் வாய் வரமாட்டேன் என்கிறது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்த மனுஷனை எப்படித் திட்டுவது?

அவரையும் சொல்லிக் குற்றமில்லை. மூன்று சீட்டு வேலையை ஒரு சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார், இரண்டுக்குப் 'பொறுப்பு'. திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி யாராவது ஒரு மனு போட்டுவிட்டால், 30 நாள் கெடு அவர் தூக்கத்தைக் கெடுத்துவிடும். மதியச் சாப்பாட்டு டப்பா மூன்று மணிக்கும் மூடியபடியே இருந்ததை நானே பார்த்தேன். அதன்மேல் என் மனுவை வைத்திருந்தார். தொலைந்துபோகக் கூடாதாம்.

ஆனால், பயிற்சிக்குப் போனது அவருடைய நாக்கு மட்டும். பேனா ஆபீசிலேயே இருந்துவிட்டது. வாயால் "ஐயா, கவலைப்படாதீங்க" என்றவர் தாளில் இறங்கியதும் "பார்வையில் காணும் மனுவில் மனுதாரர் கோரியுள்ளவாறு" என்று பழைய சாலைக்குத் திரும்பிவிடுகிறார். அந்தக் குறிப்பின் நகலை வாங்கிப் பார்த்தேன். பொருள்: "'கணபதி' என்ற பெயரை 'கணபதி' எனத் திருத்தம் செய்யக் கோருதல் தொடர்பாக."

இரண்டும் மூன்று சுழி. வாயால் திருப்பித் திருப்பிச் சொன்னதில் எந்த 'ன' எங்கே போனதென்று அவருக்கும் தெரியவில்லை போலும்.

இருபது நாளில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. பெயர் சரியாகவே உள்ளதால் திருத்தம் தேவைப்படவில்லை. மனு முடித்து வைக்கப்பட்டது. முடித்து வைத்தார்களாம். வாரிசுச் சான்றிதழில் மூன்று சுழி அப்பா, பட்டாவில் இரண்டு சுழி அப்பா. சொத்தை எங்கள் பெயருக்கு மாற்றப் போனால், இவர் வேறு அவர் வேறு என்கிறார்கள். இதற்காக நான் ஒன்பது முறை போய் வந்திருக்கிறேன், அரை நாள் சம்பளம் ஒன்பது முறை போயிருக்கிறது. என் குறை என்னவென்று எனக்குத் தெரியும். அதை இன்னொருவர் வாயால் கேட்க நான் போகவில்லை. ஒரு எழுத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

ஜமாபந்தி வந்தது. புது மனு எழுதினேன். இந்தத் தடவை எழுத்தை நம்பவில்லை. பேத்தியின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, முழுத்தாள் அகலத்துக்கு இரண்டு சுழி 'ன' ஒன்றைச் சிவப்பில் எழுதி, குறுக்கே அடித்து, பக்கத்தில் மூன்று சுழி 'ண'வைப் பச்சையில் போட்டு, சுழிகளுக்கு 1, 2, 3 என்று எண்ணும் கொடுத்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஷாமியானாவுக்குக் கீழே மனு வாங்கும் மேசையில் அவர்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். முழங்காலை விசாரித்தார். தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

"அதாவது ஐயா," என்றார், "படம் வரைஞ்சு கொண்டுவந்திருக்கீங்க."