பெரியம்மாவுக்கு நீச்சல் குளம்

வன்னியம்பட்டியில் தனியாக இருக்கும் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. அட்டையில் நரைத்த தம்பதி கோல்ஃப் ஆடுகிறார்கள். பெரியம்மா ஆடியதெல்லாம் பல்லாங்குழி.

உள்ளே நூலகம், யோகா, நீச்சல் குளம். கேட்க வேண்டியதோ குளியலறையைப் பற்றி: பிடித்து நடக்கக் கைப்பிடி உண்டா, தரை வழுக்குமா, சக்கர நாற்காலி கதவுக்குள் நுழையுமா? ராத்திரி 2 மணிக்கு மணி அடித்தால் வருவது நர்ஸா, வாட்ச்மேனா? படுத்த படுக்கையானால் வைத்துப் பார்ப்பார்களா, 'கூட்டிட்டுப் போங்க சார்' என்பார்களா? முன்பணம் எத்தனை மாதத்தில் திரும்பும்? இதையெல்லாம் எழுதிக் கேட்டால் விற்பனைப் பையனுக்கு உடனே வேறு போன் வந்துவிடும்.

பெரியம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்று: "ஏய்யா, அங்க வெத்தல போட விடுவாகளா?" விளம்பரத்தில் அதற்குப் பதில் இல்லை.

காசில்லாத முதியவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேருக்கு என்கிறது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். ஆனால் மாநில அரசு 'ஏற்படுத்தலாம்' என்றுதான் அதில் இருக்கிறது, கட்டாயமில்லை. அதே சட்டத்தில் ஒரு நல்ல பிரிவும் உண்டு, 23-ஆவது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பிள்ளை கவனிக்காவிட்டால் ரத்து செய்ய வைக்கலாம்.

ஆகவே பெரியம்மாக்களே, வீட்டை எழுதிக்கொடுக்கும்போது நிபந்தனையையும் பத்திரத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கோல்ஃப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.