மனசு பிசையும் தொழிலுக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்:
மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றம்,
புத்ராஜெயா.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஜொகூர் பாரு, தம்போயில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் விற்கும் ஒட்டுக்கடைக்காரன் எழுதுவது. மாவு பிசைந்து கை ஓய்ந்துவிட்டது. இனி மனசைப் பிசையலாம் என்றிருக்கிறேன். அதற்கு வழிவிட்டு வைத்த உங்களுக்கு முன்கூட்டியே நன்றி.

சாப்பாட்டுக் கடை நடத்த நான் பட்ட பாடு கொஞ்சமா? உணவு கையாள்பவர் பயிற்சி, ஏப்ரன், தலைத்துணி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டைபாய்டு ஊசி. எல்லாம் 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின் புண்ணியம். ஒருநாள் ஓர் அதிகாரி வந்து என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நக இடுக்கில் இருப்பது மாவுதானா என்று கேட்டார். போகிற போக்கில், பெயர்ப்பலகையில் மலாய் எழுத்து பெரிசா, தமிழ் எழுத்து பெரிசா என்றும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

மனநல ஆலோசனை சொல்லும் புதுத் தொழிலுக்கு விசாரித்தேன். 2016ஆம் ஆண்டுக்குரிய, 2020 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் உங்கள் 774ஆம் சட்டத்தின் பட்டியலில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' இருக்கிறார். 'கவுன்சலர்' என்றால் 1998ஆம் ஆண்டின் 580ஆம் சட்டம். முன்னது சுகாதார அமைச்சின் பொறுப்பு, பின்னது மகளிர் அமைச்சின் பொறுப்பு. ஒரே மனசுக்கு இரண்டு அமைச்சு! இரண்டுக்கும் நடுவே லாரி திரும்புகிற அளவுக்கு ஒரு சந்து. கடை போட அதைவிடத் தோதான இடம் ஏது? அந்த இரண்டு பட்டங்களையும் தொடாமல், 'மைண்ட் கோச்', 'ஆழ்மன வழிகாட்டி', 'ட்ராமா ஹீலர்' என்று பலகையில் போட்டால் ஆயிற்று. நிறுவனங்களைப் பதியும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் தொழிற்பெயர் பதிய வருஷத்துக்கு 60 வெள்ளி. ஊசி கிடையாது.

அண்டை வீட்டுப் பெண்ணை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இளங்கலை, அதற்குமேல் கிளினிக்கல் சைக்காலஜியில் முதுகலை, மேற்பார்வையில் பயிற்சி, உங்களிடம் பதிவு, சான்றிதழ். இத்தனைக்கும் பிறகு அவள் தப்புப் பண்ணினால் கூப்பிட்டு விசாரிப்பீர்கள், பெயரை நீக்குவீர்கள். என்னை எதிலிருந்து நீக்குவீர்கள்? உங்கள் ஏட்டில் நான் எங்கேயுமே இல்லையே! சட்டப் புத்தகத்தில் எழுதாத விலக்கு இது. படிக்காதவனுக்கு மட்டும் கிடைப்பது. பாரம்பரிய வைத்தியர்களுக்குக்கூட அதே 2016இல் 775ஆம் சட்டம் போட்டுப் பிடித்தார்கள். இடுப்பு பிடிப்பவர் பதிய வேண்டும், மனசைப் பிடிப்பவன் சும்மா இருக்கலாம்.

இடமும் ராசியான இடம். எங்கள் பக்கம் 'தம்போய்க்குப் போ' என்றால் வசவு. 1930களில் இங்கே கட்டிய மனநல மருத்துவமனைதான் காரணம். இன்று அதன் பெயர் பெர்மாய். உள்ளே படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள், அரசாங்கக் கட்டணம்தான். ஆனால் கேட்டைத் தாண்டுவதை மாமியார் வீட்டு ஆள் யாராவது பார்த்துவிட்டால்? என்னிடம் அந்தக் கவலையே இல்லை. ரொட்டிக் கல்லை எடுக்கப் போவதில்லை. அழுதுகொண்டு வெளியே வருகிறவர், சம்பால் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாலம் தாண்டி வரும் சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தனி ரேட்.

காலமும் கூடி வருகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்க 2023இல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. முன்பு போலீசுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் இனி வாய் திறந்து உதவி தேடுவார்கள். கதவில் யார் பெயர் மாட்டியிருக்கிறது என்று அந்த நேரத்தில் யார் படித்துப் பார்க்கப் போகிறார்கள்? ஒரே இடைஞ்சல், 2022இல் சுகாதார அமைச்சு திறந்த மனநல உதவிக்கான 15555 தொலைபேசி எண். பயிற்சி பெற்றவர்களை உட்கார வைத்துப் பேச விட்டால் எங்களைப் போன்ற சிறு வியாபாரிகள் எப்படிப் பிழைப்பது? அதை அதிகம் விளம்பரம் செய்யாமல் இருக்க ஆவன செய்யவும்.

கடைசியாக ஒரு சந்தேகம். நாலு மாதம், ஐந்து மாதம் என்னிடம் பணம் கட்டியும் தேறாதவர்களைப் பெர்மாய்க்குத்தான் அனுப்புவேன். அங்கே, 'இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?' என்று கேட்பார்கள். அதற்குப் பதில் எழுத உங்களிடம் படிவம் ஏதும் இருந்தால், ஒரு கட்டு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பதிவு இல்லாத, ஆகவே நீக்க முடியாத,
தம்போய் ஒட்டுக்கடைக்காரன்