எழுதிக்குடு மாமா

பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள் என்ற தகவல், முதல் மணி அடிப்பதற்கு முன்பே இவருக்குப் போய்விடும். எக்ஸ்எல் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, நேரே நர்சம்மாவின் பெஞ்சுக்கு வருவார்.

"இந்த ஊசியப் போட்டா எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுங்க. தாராளமாப் போடுங்க."

கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். எங்கள் ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே எழுதிக்குடு மாமா.

நர்சம்மா பொறுமைசாலி. "கை லேசா வலிக்கும்ணே. சில பிள்ளைகளுக்கு ஒரு வாரங் கழிச்சுக் காய்ச்சலடிக்கும், தானாச் சரியாப்போயிரும்" என்பார்.

"பாத்தீங்களா, காய்ச்சல் வரும்னு நீங்களே சொல்றீங்க. அதையும் சேத்து எழுதுங்க."

எழுதித் தந்தால் சீல் கேட்பார். தலைமையாசிரியர் பள்ளிக்கூட சீலை எடுத்து வந்தால், "வாத்தியார் சீல் ஊசிக்குச் செல்லுமா?" என்பார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரே வந்து நின்றாலும், "நீங்க சின்னப் பொண்ணாத் தெரியுறீங்களே, பெரிய டாக்டர் இல்லையா?" என்று விசாரிப்பார். இதற்குள் மணி பதினொன்று. தட்டம்மை ஊசி மருந்து பொடியாக வருவது. கரைத்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். மாமாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவர் பேனாவை நீட்டிக்கொண்டே நிற்பார்.

இத்தனை உஷாரான மனுஷன் வேறெங்கே எழுதி வாங்கியிருக்கிறார் என்று விசாரித்தேன். ஓரிடத்திலும் இல்லை. திராட்சைத் தோட்டத்து வெள்ளாமை முழுவதையும் வியாபாரியிடம் வாய்வார்த்தையில் பேசி முடிப்பவர். வட்டிக்கு வாங்கும்போது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருபவர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில், பின்னால் தொங்கிக்கொண்டே கம்பமெட்டு வளைவுகளில் ஏறுபவர். டிரைவரிடம் ஒரு துண்டுச்சீட்டு கேட்டதுண்டா?

தனக்குச் சளி பிடித்தால் இவர் போடும் கூத்தே தனி. "மாத்திரையெல்லாம் வேணாம் டாக்டர், ஊசி ஒண்ணக் குத்திவிடுங்க" என்று இடுப்பைக் காட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். என்ன மருந்து, எந்தக் கம்பெனி என்ற பேச்சே கிடையாது. வலித்தால்தான் அவருக்குத் திருப்தி.

மாட்டுக்குக் கோமாரி ஊசி போட வருகிறார்கள் என்றால், விடிவதற்குள் மாட்டைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். "கறவ மாடு சார், விட்டுறாதீக." மேகம் மூடினாலே திராட்சைக்கு அடிச்சாம்பல் வந்துவிடும் என்று, இலையில் ஒரு புள்ளி விழுமுன் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவிடுவார். நோய் வருமுன் காப்பதைப் பற்றி இவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிள்ளை என்று வரும்போதுதான் பத்திரம் கேட்கிறார்.

இவர் கொடி உச்சத்தில் பறந்தது 2017 பிப்ரவரியில். 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள். வாட்ஸ்அப்பில் யார் யாரோ பேசிய குரல் பதிவுகள் பறந்தன. மாமா அவற்றை ஸ்பீக்கரில் போட்டு டீக்கடைக்கே கேட்க வைத்தார். பேசியது யார் என்று எழுதி வாங்கினாரா? சரி, விடுங்கள். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை இழுத்தது.

ஊசி போட்ட பிள்ளைக்கு இடது கட்டைவிரல் நகத்தில் மை வைத்தார்கள். வகுப்பே விரலைக் காட்டிக்கொண்டு அலைய, மாமாவின் மகள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள் ஸ்கெட்ச் பேனாவால் தானே நகத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்த மாமா, ஊசி போட்டுவிட்டார்கள் என்று பதறியடித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தார். எச்சில் தொட்டுத் தேய்த்ததும் மை கரைந்தது. ஆளும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. பயந்த மனுஷன்தான், கெட்டவரில்லை.

அவர் மேற்கையில் அம்மை குத்திய தழும்பு வட்டமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் அது கட்டாயம். 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. அவருடைய அம்மா வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டியும் எடுத்தார், மகனின் கையைக் குத்தவும் காட்டினார். ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக அவருக்குத் தோன்றவில்லை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை தொற்றிப் பரவவில்லை.

இப்போது பள்ளியில் சேர்க்க ஊசியைக் கட்டாயமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், மலப்புரத்தில் 2016-இல் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் செத்த பிறகு, கேரளத்தில் பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசிச் சான்று கேட்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. இங்கே கேட்டுக் கெஞ்சித்தான் போடுகிறார்கள். அந்தக் கெஞ்சலைத்தான் மாமா பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறார். எனக்கு எரிச்சல் அங்கேதான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரூபெல்லா தொற்றினால் குழந்தை கண்புரையோடும் காது கேளாமலும் பிறக்கலாம். அவர் ஊசிக்கு மறைத்து வைத்தது பெண்பிள்ளையை. நாளைக்கு அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று இவர் யாருக்கு எழுதிக் கொடுத்தார்?

இவர் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்த ஒரே காகிதம், ஊசி நாளில் பிள்ளைக்கு வயிற்றுவலி என்ற லீவு லெட்டர்.

10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான ஊசி உண்டு. பள்ளிக்கூடத்துக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் முந்தின நாளே நர்சம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிள்ளையை நேரத்தோடு பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், லெட்டர் வேண்டாம்.